"வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் என்ன வேலை?

நாங்கள் குடியிராத வீட்டுக்கு ஒரு பராமரிப்பாளரை அமர்த்தியபோது, சம்பளத்தைப் பேசி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் போகிறபோக்கில் சொன்னதற்கு என்ன பொருள் என்று பேசித் தீர்க்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அவர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை: "நடுராத்திரியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டு எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினால், அது வேலை நேரமா, தூங்குகிற நேரமா?"

வளாகத்திலேயே தங்குபவருக்கு வேலை எப்போது முடிகிறது என்பதுதான் உண்மையில் கடினமான விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 2011-இல் ஏற்றுக்கொண்ட 189-ஆம் உடன்படிக்கையை எடுத்துப் படித்தேன். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், அழைத்தால் வருவதற்குத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தை அந்தந்த நாட்டுச் சட்டம் வரையறுக்கும் அளவுக்கு வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே இரவு அழைப்புகளுக்குத் தனிப்படி என்றும், வார விடுமுறையன்று தொலைபேசியில்கூடத் தொந்தரவு செய்வதில்லை என்றும் எழுதிக்கொண்டோம்.

அவருடைய அசல் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும்படி உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அது பணியாளரிடமே இருக்க வேண்டியது என்பது அதே உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு. எனக்கு நகலே போதுமானதாக இருந்தது.

தங்கும் அறைக்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. வேலை முடிந்த அன்றே அறையைக் காலிசெய்யச் சொன்னால் ஒருவர் ஒரே நாளில் வேலையையும் கூரையையும் இழக்கிறார் என்பதால், யார் விலகினாலும் 30 நாள் முன்னறிவிப்பு என்றும் அதுவரை அறை அவருடையது என்றும் முடிவுசெய்தோம். குழாய் உடைந்தால் என்னைக் கேட்காமலே ஆளை அழைக்கலாம். ரசீதை மட்டும் படம் பிடித்து அனுப்ப வேண்டும்.

கடைசியாகச் சாவிக்கொத்து. பதினொரு சாவிகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்த்துப் பட்டியலிட்டார். பதினொன்றாவது எதிலும் சேரவில்லை. விட்டுவிடலாம் என்றேன், அவர் சம்மதிக்கவில்லை. "எந்தப் பூட்டுக்கும் உரியதல்ல" என்று என் கையாலேயே எழுதவைத்த பிறகுதான் கையெழுத்திட்டார்.