இடிமேகத்துக்கு இருபது மைல் தள்ளி

சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் இடிமேகம் என்றதும் மின்னலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்குக் காற்றை நினைத்தால்தான் பயம். செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் முழு விசையில் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி ஏறும். முற்றிய இடிமேகத்துக்குள் காற்று ஏறுவதும் இறங்குவதும் நிமிடத்துக்கு 6,000 அடியையும் தாண்டிவிடும். ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் அடுத்தடுத்தே இருக்கும். அந்த எல்லையைக் கடக்கும்போது இறக்கை தாங்குமா என்பதுதான் கேள்வி.

சரி, உள்ளே போகாமல் ஓரமாகப் போனால்? கடுமையான இடிமேகத்தை விட்டுக் குறைந்தது 20 மைல் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். மாணவர்களுக்கு இது மிகையாகத் தெரிகிறது. மேல் நுனியில் விரிந்து நீளும் மேகத்துக்கு அடியில், மழையே இல்லாத இடத்திலும் ஆலங்கட்டி வந்து விழும். மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவி, மேகத்துக்குப் பல மைல் முன்னாலேயே ஓடும். தரையிறங்கும் நேரத்தில் அதில் சிக்கினால், எதிர்க்காற்று நொடிகளில் பின்காற்றாகிவிடும். 1985 ஆகஸ்டில் டல்லஸில் ஒரு பெரிய ஜெட் விமானமே இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்னால் விழுந்தது.

இப்போது எல்லோர் மடியிலும் ரேடார் படம் காட்டும் டேப்லெட் இருக்கிறது. ஒரு மாணவர் இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே இருந்த பச்சை இடைவெளியைக் காட்டி, "இதுல போயிடலாம் சார்" என்றார். கண்ணாடிக்கு வெளியே பார்க்கச் சொன்னேன். அந்த இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் அடிவானமே தெரியவில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில் மழை தரைவரை இறங்கியிருந்தது. விமானத்தைத் திருப்பினோம். படத்தின் ஓரத்தில் எத்தனை நிமிடம் முந்தையது என்று போட்டிருக்கும். அது படத்தைத் தொகுத்த நேரத்திலிருந்து எண்ணியது; ரேடார் மழையைப் பார்த்தது அதற்கும் முன்னால். திரை காட்டுவதைவிட 15 முதல் 20 நிமிடம்வரைகூட அது பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் எச்சரித்தது. இடிமேகம் ஒன்று வளர்ந்து முற்ற அவ்வளவு நேரமே போதும்.

அனுபவம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஸ்காட் கிராஸ்ஃபீல்டைப் பற்றிச் சொல்வேன். 1953-ல் ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தை முதன்முதலில் எட்டிய மனிதர். 2006 ஏப்ரலில், 84 வயதில், ஜார்ஜியா மாநிலத்தின் மேலே தன் செஸ்னா 210-ஐத் தனியாக ஓட்டிச் சென்றபோது இடிமேகத்தில் சிக்கி இறந்தார். வழியில் புதிய வானிலைத் தகவலை அவர் வாங்கவில்லை. தரையிலிருந்து விமானங்களுக்கு வழிகாட்டும் கன்ட்ரோலரும் விலகிப்போக உதவவில்லை என்றது விசாரணை. எவ்வளவு திறமையான மனிதர்! படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடுகிறது.

தப்பித்தவறி உள்ளே மாட்டினால் வேகத்தைக் குறைத்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, உயரம் கூடினாலும் குறைந்தாலும் துரத்தாமல் நேராக வெளியே வரவேண்டும். திரும்பினால் இறக்கைமேல் சுமை கூடும். இதையும் சொல்லித்தருகிறேன், ஆனால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால், வழியில் திரும்பி இறங்க இரண்டு விமானத்தளங்களை வரைபடத்தில் காட்டச் சொல்கிறேன். இரண்டிலும் வானம் தெளிவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு வகுப்பு தரையில்தான்.