விடைகள் வேறுபடும் வகுப்பறை

ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் இன்று அடிக்கடி காதில் விழும் சொல் ‘21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்’. ஆய்ந்து சிந்தித்தல், படைப்பாற்றல், எண்ணத்தைத் தெளிவாக எடுத்துரைத்தல், கூடிச் செயல்படுதல் என்று அவற்றை வரிசைப்படுத்திச் சுவரில் எழுதிவைப்பது எளிது. ஒரு சாதாரணப் பாடவேளைக்குள் அவை எப்போது பிறக்கின்றன என்பதே, நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் என்னை நெடுநாளாக ஈர்த்துவரும் கேள்வி. ஒரே சோதனையைச் செய்த குழுக்களுக்கு வெவ்வேறு விடைகள் கிடைத்து, சரியான விடையை ஆசிரியர் உடனே சொல்லிவிடாமல் பொறுத்திருக்கும் நேரத்தில்தான் அவை பிறக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலும் கல்லும் நொடியைக் காட்டும் ஒரு கடிகாரமும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். ‘ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தை எது மாற்றும்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். கனமான கல் வேகமாக ஆடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நூலின் நீளம் என்பார்கள் சிலர். எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பார்கள் வேறு சிலர். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, பாடம் முடியும் வரை எதையும் அழிக்காமல் வைத்திருப்பேன்.

ஒரு மீட்டர் நூலில் தொங்கும் கல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஒரே ஒரு அலைவை அளக்கும் பிள்ளைகளில் ஒரு குழு 1.8 என்றும் அடுத்த குழு 2.3 என்றும் சொல்லும்போது வகுப்பில் சச்சரவு எழுகிறது. கடிகாரத்தை அழுத்தும் விரல் சற்று முந்தியோ பிந்தியோ போவதால் வரும் வேறுபாடு இது என்று பிள்ளைகளே கண்டுகொள்கிறார்கள். 20 அலைவுகளை எண்ணி மொத்த நேரத்தை 20ஆல் வகுத்தால் அந்தப் பிழையும் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்ற வழியும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வருகிறது. அளவீட்டுப் பிழையைப் பற்றி நான் எத்தனை முறை விளக்கியிருந்தாலும் இந்தத் தெளிவு வந்திருக்காது.

இதைவிடச் சுவையானது கல்லைப் பற்றிய வாதம். கனமான கல் மெதுவாக ஆடுகிறது என்று ஒரு குழு அளந்தே காட்டும். சிறிய கல்லின் பருமனே உள்ள, ஆனால் அதைவிடக் கனமான இரும்புத் துண்டைக் கட்டிப் பார்த்த குழு, எடை எதையும் மாற்றவில்லை என்று மறுக்கும். இரண்டு ஊசல்களையும் அருகருகே தொங்கவிட்டு உற்றுப் பார்க்கும்போதுதான் காரணம் புலப்படுகிறது: பெரிய கல்லின் மையம் கீழே தள்ளி அமைவதால், நூல் அதே நூலாக இருந்தும் ஊசலின் நீளம் கூடிவிட்டது. ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாமல் காக்க வேண்டும் என்னும் ஆய்வு ஒழுக்கம் இந்த மோதலில் மனத்தில் பதிகிறது. தொங்கும் நிலையிலிருந்து 60 பாகை வரை இழுத்து விட்டவர்கள் நேரம் சற்றுக் கூடுகிறது என்று சொன்னால், பாடநூலைக் காட்டி அவர்களை அடக்கிவிடக் கூடாது. இழுத்து விடும் தூரம், அதாவது வீச்சு, நேரத்தை மாற்றாது என்கிறது பாடநூல். வீச்சு சிறியதாக இருக்கும்போதுதான் அந்தக் கூற்று பொருந்தும். 60 பாகையில் அலைவு நேரம் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகம். பிள்ளைகள் கண்டது உண்மை.

ஊசலின் சூத்திரம் கைபேசியில் தேடினால் கணத்தில் கிடைத்துவிடும். தன் குழுவின் எண்ணும் பக்கத்துக் குழுவின் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டறிய, பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, தன் சான்றை முன்வைத்து, தேவையானால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் மனம் வேண்டும். அதைத்தான் இந்தக் காலத்துக்குரிய திறன் என்பேன்.

இது வசதி படைத்த பள்ளிகளுக்கே சாத்தியம் என்ற வாதத்துக்கு வரலாற்றிலேயே மறுப்பு இருக்கிறது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி உள்ளிட்ட இரு தன்னார்வ அமைப்புகளின் முயற்சியால் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் திட்டம் தொடங்கியது. நான்கு நான்கு பேராகக் குழுவில் அமர்ந்து சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவுக்கு வருவதே அங்கே பாடம். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் அது விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா என்னும் கல்வித் தன்னார்வ நிறுவனம் பொறுப்பேற்றது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. கிராமத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை இயலாதது என்று எப்படிச் சொல்வது? அந்தத் திட்டம் தேர்வையும் சேர்த்தே மாற்றியது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வெழுதினார்கள். செய்முறைத் தேர்வும் உடன் இருந்தது.

நேரப் பற்றாக்குறை உண்மையான தடைதான். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த இயலாது. நடத்தத் தேவையும் இல்லை. கேள்வியை முழுவதுமாகப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் மெல்லக் கற்பவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள் என்பதால், தொடக்கத்தில் கேள்வியையும் கருவிகளையும் ஆசிரியர் தந்து, வழிமுறையை மட்டும் அவர்களிடம் விடுவது நல்லது.

மதிப்பீட்டுக்கோ நமக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டுக்கு, 40 மதிப்பெண் உண்டு. அதில் 20 மதிப்பெண் செயல்பாடுகளுக்கானது. வீட்டில் பெற்றோரோ கடைக்காரரோ செய்துகொடுக்கும் தெர்மாகோல் மாதிரிகளுக்கு அந்த மதிப்பெண்ணை வழங்குவதை விட, இரண்டு குழுக்களின் முரண்பட்ட அளவீடுகளை ஒரே அட்டவணையில் கொடுத்து, ‘வேறுபாட்டுக்குக் காரணமாக நீ கருதுவது என்ன? அதைச் சரிபார்க்க அடுத்து என்ன சோதனை செய்வாய்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகளைத்தான் நான் மிகுந்த ஆவலோடு படிக்கிறேன்.