"குழந்தைக்குக் கிட்னியில் தண்ணி" என்று ஸ்கேனில் வந்தால்

காசிமேடு, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்து வருகிறவர்கள் "குழந்தைக்குக் கிட்னியில தண்ணி சேர்ந்திருக்காம்" என்றுதான் சொல்வார்கள். தாளில் அவர்கள் கண்ணில் பட்டிருப்பது ஒரே எண்: 5 மி.மீ., 8 மி.மீ. அதைவிட முதலில் பார்க்க வேண்டியது பனிக்குட நீர்.

16 வாரத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நீர் போதுமான அளவு இருந்தால் ஒரு கிட்னியாவது வேலை செய்கிறது, வழியும் முழுக்க அடைபடவில்லை. நீர் அதிக ஆழமாகத் தேங்கிய இடத்திலேயே 2 செ.மீ.க்குக் குறைந்தால் நுரையீரல் வளர்ச்சி தடைபடலாம். இந்தக் குழந்தைகளைப் பிறந்ததும் திணறவைப்பது கிட்னியைவிட நுரையீரல்தான். நீர் குறைவு என்றதும் வீட்டில் பார்லித் தண்ணீர் காய்ச்சுவார்கள். குடிக்கலாம், தப்பில்லை, குழந்தையின் அடைப்பை அது திறக்காது.

இப்போது எண்ணுக்கு வருவோம். கிட்னிக்குள் சிறுநீர் வந்து சேரும் பை போன்ற பகுதியான பெல்விஸின் முன்-பின் அளவு 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குள்ளும், அதன்பின் 7 மி.மீ.க்குள்ளும் இருந்தால் இயல்பு. 28 வாரத்துக்கு முன் 4 முதல் 7 மி.மீ. வரை லேசாக விரிந்திருப்பவை பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். 32 வாரத்துக்குப் பின் மறுபடி பார்த்தால் போதும். 28 வாரத்துக்குப் பின் 10 தொட்டாலோ, கிட்னியின் சதை மெலிந்திருந்தாலோ, அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயும் விரிந்திருந்தாலோ குழந்தை அறுவை நிபுணரைப் பிரசவத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

உண்மையான கவலை வேறு: இரண்டு கிட்னியும் விரிந்து, சிறுநீர்ப்பை தடித்து, நிரம்பியபடியே நின்று, அதன் கழுத்து சாவித்துளை போலத் தெரிவது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே போகும் குழாயின் பின்பகுதியில் சவ்வு வால்வு மறிப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்த வால்வு ஆண் குழந்தைக்கு மட்டுமே வருவது. வேறு அடைப்புகள் பெண் குழந்தைக்கும் வரும். ஆகவே தாளை வைத்து ஆணா பெண்ணா என்று கணக்குப் போட வேண்டாம். 1994 சட்டப்படி டாக்டரும் சொல்லக்கூடாது, கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

வயிற்றிலேயே சிகிச்சை உண்டா? சிறுநீர்ப்பையிலிருந்து பனிக்குடத்துக்கு மெல்லிய குழாய் வைக்கலாம். எல்லாருக்கும் அல்ல. முதலில் குரோமோசோம் பரிசோதனை, பிறகு ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் குழந்தையின் சிறுநீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் சோடியம் லிட்டருக்கு 100 மில்லிமோலுக்கு மேலேயே நின்றால் கிட்னி ஏற்கெனவே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். குழாய் நழுவும், அடைபடும், இன்னொன்று வைக்க நேரும். இந்தக் குழாயைச் சோதித்து 2013இல் வெளியான புளூட்டோ ஆய்வில் சேர்ந்தவர்கள் 31 பேர்தான். குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடலாம், கிட்னி நன்றாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதே அதிலிருந்து கிடைத்தது. இதை நேராகச் சொல்லும் டாக்டரை நம்பலாம். கிட்னியைக் காப்பாற்றுகிறேன் என்று மாதம் நிறையும் முன்பே பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் நஷ்டம். இதற்காக மட்டும் சிசேரியனும் தேவையில்லை.

எங்கே பெறுவது என்பது முக்கியம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவர்கள் ஸ்கேன் தாள்களை இங்கே பீரோவிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வீக்கம் என்றால் குழந்தை அறுவைப் பிரிவு கைக்கெட்டும் இடத்தில்தான் பிரசவம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லி கல்லூரியோடு இணைந்தது. எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

பிறந்ததும் வால்வு சந்தேகம் இருந்தால் 5 அல்லது 6 பிரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) ஃபீடிங் டியூபைச் சிறுநீர்ப்பையில் விடுவார்கள். பலூன் வைத்த குழாய் சிறிய பையை இறுக்கிக் கிட்னிக் குழாய்களின் வாயை அடைக்கலாம். கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் முதல் நாளில் காட்டுவது தாயுடையது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அடைப்பு திறந்ததும் சிறுநீர் கொட்டோ கொட்டென்று போகும். ஈடாக உப்பும் நீரும் ஏற்றாவிட்டால் குழந்தை துவண்டுவிடும்.

ஒரு பக்க வீக்கம் மட்டும் என்றால் பிறந்து 48 மணி நேரம் கழித்து ஸ்கேன். அதற்கு முன் குழந்தையின் உடலில் நீர் குறைவு, வீக்கம் சின்னதாகத் தெரியும். அது நார்மல் என்று வந்தாலும் 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று எடுங்கள். துணி நனைகிறதே என்று வால்வு இல்லையென முடிவு கட்டாதீர்கள், சொட்டுச் சொட்டாகவும் நனையும். இடையில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைச் சொட்டு மருந்து வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பரிசோதனை.