ஸ்பாட்டர் மேசையில் மரத்தின் ரேகையைப் படிப்பது எப்படி?

வனவியல் படிப்பில் மரம் அறியும் பிராக்டிகல் (மேசையில் வைத்த ஸ்பாட்டர் துண்டுகளைப் பார்த்து இனம் சொல்வது) என்றாலே துளைகளின் அமைப்பை மனப்பாடம் செய்வதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். இனத்தைச் சொல்ல அது உதவும். ஆனால் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதே துண்டைக் காட்டி, "இந்த ரேகை எப்படி வந்தது? இதற்கு ஏன் கூடுதல் விலை?" என்று கேட்டால் அது போதாது. ரேகை என்பது அறுத்த முகத்தில் தெரியும் பட்டை, திட்டு போன்ற தோற்றம். எனக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன்.

துண்டை எடுத்ததும் பெயரை யோசிக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, அதே முகத்தைப் பார்த்தபடியே தலைகீழாகச் சுற்றுங்கள். வெளிறித் தெரிந்த பட்டை கறுத்து, கறுத்தது பளிச்சென்று ஆனால், அது நார் ஓட்டத்தால் வந்த ரேகை. நார்கள் சாய்ந்திருக்கும் திசைக்கு ஏற்ப ஒளி திரும்புவதால்தான் அப்படி மாறுகிறது. ஈட்டி மரத்தின் கருங்கோடுகள் எப்படிச் சுற்றினாலும் கறுப்பாகவே இருக்கும். அவை நிறம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம் குறுக்குவெட்டு முகத்தைப் புது பிளேடால் லேசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, லென்ஸில் கதிர்கள் (மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் மெல்லிய திசுக் கோடுகள்) ஓடும் திசையைப் பாருங்கள். எது ரேடியல் முகம் (கதிர்களின் திசையிலேயே நீளவாக்கில் அறுத்தது), எது டேன்ஜென்ஷியல் முகம் (கதிர்களுக்குக் குறுக்கே நீளவாக்கில் அறுத்தது) என்று தெரியாமல் ரேகைக்குப் பெயர் வைக்கக் கூடாது. முதிரை மரத்தின் நாடா போன்ற நீளப் பட்டைகள் ரேடியல் முகத்தில்தான் எடுப்பாகத் தெரியும். அதில் நார்கள் ஓர் அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து வளர்கின்றன. நார் அலையலையாக ஓடினால் நீளத்துக்குக் குறுக்கே பட்டைகள் விழும். வயலின் முதுகுக்குத் தேர்ந்தெடுக்கும் மேப்பிளில் இருப்பது இதுதான். மேப்பிளின் பறவைக்கண் ரேகையோ டேன்ஜென்ஷியல் முகத்தில் தெரியும்.

சில்வர் ஓக்கை மட்டும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். நீலகிரி எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்கும் அதே மரம்தான். ரேடியல் முகத்தில் மீன் செதில் போலப் பெரிய பளபளப்பான திட்டுகள் இருக்கும். அவை கதிர்கள்தான். துண்டைத் திருப்பி டேன்ஜென்ஷியல் முகத்தைப் பார்த்தால், அதே கதிர்கள் குட்டையான மெல்லிய கோடுகளாகச் சுருங்கியிருக்கும். அறுக்கும் திசை அழகை எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மதிப்பிடுதல் வேறு கேள்வி. அலைரேகை உள்ள மரம் வலுவில் குறைவு. இழைப்புளி போட்டால் நார் பிய்ந்து வரும், காயும்போது முறுக்கவும் செய்யும். அப்படியிருந்தும் விலை ஏறுவதற்குக் காரணம் தோற்றமும் அரிதாகக் கிடைப்பதும்தான். செம்மரத்தை உதாரணம் காட்டுங்கள். ஆந்திராவின் சேஷாசலம் மலைப் பகுதியின் செம்மரத்தில் அலைரேகை உள்ள கட்டைக்குத்தான் மவுசு அதிகம். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்தை அதில் செய்கிறார்கள். மரம் நிற்கும்போது வெளிப்பட்டையைப் பார்த்து இந்த ரேகையை உறுதியாகச் சொல்ல முடியாது. வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டியான மையக் கட்டையை, செதுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கட்டையை மதிப்பிடச் சொன்னால், ரேகை முழு நீளத்துக்கும் சீராக ஓடுகிறதா, ஆழத்திலும் தொடர்கிறதா, வைரம் எவ்வளவு, பொந்தோ வெடிப்போ உண்டா என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். மரம் கிளை பிரியும் கவைப் பகுதியின் இறகு ரேகை மிக அழகு. ஆனால் ஒரு மரத்தில் கொஞ்ச நீளம்தான் கிடைக்கும் என்பதால், அதை மெல்லிய வெனீராகச் சீவினால்தான் லாபம். இதை நீங்களாகவே சொன்னால் கேட்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

பயிற்சிக்கு அறுவை மில்லில் கேட்டால் சில்வர் ஓக், தேக்குத் துண்டுகள் எளிதாகக் கிடைக்கும். செம்மரம் 1995 முதல் சைட்ஸ் (அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, உள்நாட்டிலும் கடும் கட்டுப்பாடு உண்டு. அதைக் கல்லூரி மியூசியத்தில் பார்த்துப் படியுங்கள், வெளியே துண்டு தேடிப் போகாதீர்கள்.