டெபாசிட் ஏன் திரும்பி வருவதில்லை

மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. "சட்டப்படி டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துத்தானே ஆகணும்" என்பார்கள். எந்தச் சட்டம் என்று கேட்டால் பதில் இருக்காது.

குடியிருப்பு வாடகைச் சட்டம் கொண்டுவரப் போவதாக வீடமைப்பு அமைச்சு பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதில் சிக்கல் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் புரட்டினால், நிலமும் 'நில உரிமையாளர், குடியிருப்பவர் உறவும்' மாநிலங்களே சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில் கிடக்கின்றன. எல்லா மாநிலத்துக்கும் ஒரே சட்டம் வேண்டுமென்றால் 76(4) பிரிவைப் பிடித்துக்கொண்டு நாடாளுமன்றம் இயற்றலாம். ஆனால் மாநிலங்களையும் கூடவே இழுத்துப் போகவேண்டும். மத்திய அரசே நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் கோலாலம்பூருக்கு இந்தத் தலைவலி இல்லை, பினாங்குக்கு உண்டு.

பினாங்குப் பெரியவர்களுக்கு இன்னொரு சட்டம் நினைவிருக்கும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31 வரை கட்டிய கட்டடங்களுக்கு அது வேலி. ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளில் தலைமுறைகளாகச் சொற்ப வாடகையில் குடும்பங்கள் இருக்க முடிந்தது அதனால்தான். 1997இல் அதை ரத்து செய்தார்கள். 1999 இறுதியோடு சலுகைக் காலமும் முடிந்தது. அதற்குப் பிறகு வாடகைக்காரருக்கென்று எழுதிய சட்டம் எதுவும் வரவில்லை. கையில் இருப்பது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் என்று பழைய துண்டுகள். ஆகவே உங்கள் வாடகை ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

வழக்கமான கணக்கு 'இரண்டு, அரை, ஒன்று'. இரண்டு மாத டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, ஒரு மாதம் முன்வாடகை. செந்தூலில் 1,200 வெள்ளி வீடு என்றால் 2,400, 600, 1,200, ஆக 4,200 வெள்ளி. இதில் 3,000 வெள்ளி உங்கள் காசு, வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அதைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பலர் அதை எடுத்து வீட்டுக் கடனுக்கே கட்டிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பும்போது அவரிடம் காசு இருக்காது. சுவரில் ஆணி அடித்தீர்கள், ஏர்கோன் ஒழுகுகிறது என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

காசு கொடுப்பதற்கு முன் வீடு அவருடையதுதானா என்று பாருங்கள். மதிப்பீட்டு வரி பில்லைக் காட்டச் சொன்னால் போதும், அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். காசு போகும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்கட்டும். ஏஜெண்ட் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் வேறு வீடு பாருங்கள்.

அடுத்தது முத்திரை, அதாவது ஒப்பந்தத்துக்குக் கட்டும் முத்திரை வரி. 2025 ஜனவரி 1 முதல், ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஒன்றுக்கு மேல் மூன்று வருடம் வரை 3 வெள்ளி. அதே 1,200 வெள்ளி வீட்டுக்கு ஆண்டு வாடகை 14,400. அதை 250ஆல் வகுத்தால் 57.6, அதை 58 என்று எடுப்பார்கள். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 58 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு 174 வெள்ளி. இரண்டாம் பிரதிக்கு 10 வெள்ளி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தாமதம் மூன்று மாதத்துக்குள் என்றால் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது. அதையும் தாண்டினால் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு. 58 வெள்ளியை மிச்சம் பிடிக்க முத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. அபராதத்தோடு கட்டிய பிறகுதான் பார்ப்பார்கள்.

சாவி வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள் தெரிய ஒரு படம். ஏர்கோன் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம். சிங்க்குக்கு அடியில், குளியலறை மூலையில், ஜன்னல் கீலில் ஒவ்வொன்று. பிறகு ஒரு 50 சென் காசை எடுத்துக்கொண்டு தரை ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடங்கள். நல்ல ஓடு 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடியில் சிமெண்டு பிடி விட்ட ஓடு பொள்ளலாக ஒலிக்கும். அது என்றாவது ஒருநாள் கூரை போலக் கிளம்பி நிற்கும். தப்பு ஓடு பதித்தவருடையது, பழி உங்கள் மேல் வரும். பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் குறித்து, பொருள் பட்டியலோடு சேர்த்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். படங்களை அன்றே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் பாருங்கள். ஒன்று, 'இயல்பான தேய்மானம் நீங்கலாக' என்ற சொல். அது இல்லாவிட்டால் மூன்று வருடம் வெயில் பட்டு மங்கிய சுவருக்கும் நீங்களே சாயம் அடிக்கவேண்டும் என்பார்கள். இரண்டு, டெபாசிட்டை எத்தனை நாளில் திருப்புவது. நாள் போடாமல் 'பிறகு' என்றிருந்தால் பிறகு பிறகுதான். 14 நாள் என்று எழுதச் சொல்லுங்கள்.

கொண்டோவில் இருப்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் கட்டாமல் விட்டால், அடுக்குமாடி நிர்வாக விதிகள் 'பாக்கிதாரர்' என்ற சொல்லுக்குள் வாடகைக்காரரையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. ஆகவே வாடகையை ஒருநாள்கூடத் தவறாமல் கட்டுகிற உங்கள் அணுகல் அட்டைதான் செத்துப்போகும். கையெழுத்திடும் முன் கடைசிப் பராமரிப்பு ரசீதைக் கேளுங்கள். பாக்கி விழுந்தால் நீங்களே கட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டு, வீடு ஏலத்துக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். மூன்று வருடத்துக்கு மேற்படாத வாடகை நிலப் பத்திரத்தில் பதிவாவதில்லை. நில அலுவலகத்தில் குறிப்பு ஏற்றாத வாடகை, ஏலத்தில் வீட்டை எடுப்பவரைக் கட்டுப்படுத்தாது.

வாடகை பாக்கி என்பதற்காகப் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது எல்லாம் நடக்கிறது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2)இன்படி, ஒப்பந்தம் முடிந்தபின்னும் உள்ளே இருப்பவரை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டை வாடகை கேட்க சிவில் சட்டம் இடம் கொடுக்கிறது. பாக்கி இருந்தால், கடைசி 12 மாத வாடகை வரைக்கும் உங்கள் டிவியையும் சோபாவையும் ஜப்தி செய்ய அவர் ஆணை வாங்கலாம். "கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழிச்சுக்கோங்க" என்று நின்றுவிடுவதும் ஒப்பந்த மீறல்தான். அதைச் செய்த பிறகு சுவர் சாயத்தைப் பற்றி வாதாட வாய் இருக்காது.

'இந்தியர்களுக்கு இல்லை' என்று விளம்பரத்தில் போடுவதைத் தடுக்க இன்று ஒன்றும் இல்லை. அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு அரசாங்கத்தைக் கட்டுகிறது, தனியார் வீட்டுக்காரரை அல்ல. புதுச் சட்டம் வந்தாலும் இதைத் தொடாவிட்டால் நமக்குப் பாதி பயன்தான்.

மலிவு வீடு என்று பிபிஆர் எனும் அரசாங்க மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டை உள்வாடகைக்குத் தருவார்கள், கவனம். கோலாலம்பூரில் அதன் வாடகை மாதம் 124 வெள்ளி. உங்களிடம் அதைவிடப் பல மடங்கு கேட்டால் மிச்சம் ஒதுக்கீடு பெற்றவர் பைக்குள் போகிறது. உள்வாடகை விதிமீறல். மாநகர் மன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தால் உங்களுக்கு நோட்டீஸ் கேட்கும் உரிமைகூட இல்லை.

கடைசியில் டெபாசிட் வரவில்லை என்றால், முதலில் தொகையைக் குறிப்பிட்டு, 14 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் கடிதம். பிறகு மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைக் கோரிக்கை. 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே, படிவம் 198. நீதிமன்றம் கோலாலம்பூரில் ஜாலான் டூத்தாவில், பினாங்கில் லெபோ லைட்டில். முத்திரை போட்ட ஒப்பந்தம், வங்கி ரசீது, சாவி ஒப்படைத்த அன்றைய படங்கள், பொருள் பட்டியல், கடிதத்தின் நகல் எல்லாம் தேவை. படிவத்தை வீட்டுக்காரரிடம் சேர்ப்பித்தபின் அவர் பதில் தர 14 நாள். சேர்ப்பிக்க அவர் முகவரி வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் வீட்டின் முகவரியையே வீட்டுக்காரர் முகவரியாகவும் போட்டிருந்தால், கையெழுத்திடும் முன்பே அதை அடித்துத் திருத்தி, அடையாள அட்டையில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள்.