16 வரவேண்டிய இடத்தில் 14

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கப்பலூரில் எங்கள் சர்வர் ரூமில் ரேக்குக்குப் பின்னால் குனிந்து நின்றேன். சர்வரை ஸ்டோரேஜ் பெட்டியோடு இணைக்கும் ஃபைபர் கார்டில் பச்சை விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. "கேபிள் கழன்றிருக்கும் சார், நேரில் போய்ப் பாத்துருங்க" என்று ஸ்டோரேஜ் சப்போர்ட்டில் இருந்தவர் சொன்ன ஒரே வார்த்தைக்காக, கூடல் நகரிலிருந்து பழங்காநத்தம், பசுமலை, திருநகர் என்று பைக்கில் வந்திருந்தேன். கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

டேட்டாபேஸுக்கு இடம் போதாமல் 2 டிபி லன் (ஸ்டோரேஜ் பெட்டியில் சர்வருக்கென்று பிரித்துக் கொடுக்கும் டிஸ்க்) ஒன்று கேட்டிருந்தோம். அப்ரூவல், பர்ச்சேஸ் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. சாயங்காலம் "மேப் பண்ணியாச்சு" என்று மெசேஜ் வந்தது, அதாவது எங்கள் சர்வர் பெயரில் ஒதுக்கியாச்சு. வீட்டிலிருந்தே விபிஎன்னில் நுழைந்து, நோட்டில் எழுதி வைத்திருந்தபடி ஹோஸ்ட் 1, ஹோஸ்ட் 2 (கார்டு, போர்ட் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் கொடுக்கும் எண்) இரண்டின் ஸ்கேன் ஃபைலிலும் மூன்று கோடுகளை (- - -) எழுதினேன். சேனல், டார்கெட், லன் மூன்றிலும் எது இருந்தாலும் தேடு என்பதுதான் அந்த மூன்று கோடுகளுக்கு அர்த்தம். ஒன்றும் வரவில்லை.

சப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டால், "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு சார். சர்வரை ஒரு ரீபூட் குடுத்துருங்க" என்றார். மாதக் கடைசி, நைட் ஷிஃப்ட் என்ட்ரி ஓடிக்கொண்டிருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டேன். லினக்ஸில் புது லன்னை எடுக்க ரீபூட் தேவையே இல்லை. யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். லிப் ரீசெட் செய்யச் சொன்னாலும் ஓடுகிற சர்வரில் கை வைக்காதீர்கள். அது ஃபைபர் லிங்க்கையே ஒரு தடவை உலுக்கிவிடும்.

நோட்டை நம்பியதுதான் என் பக்கத்துத் தப்பு. எஃப்சி ஹோஸ்ட் ஃபோல்டருக்குள் பார்த்தால் ஃபைபர் கார்டுகள் 7, 8 என்று இருந்தன. சில மாதம் முன்பு ஒரு கார்டு போய் வேறு கார்டு மாட்டியபோது எண்கள் மாறியிருக்கின்றன. நான் ஸ்கேன் செய்தது மதர்போர்டின் சாட்டா போர்ட்களை, சர்வருக்குள்ளேயே டிஸ்க் மாட்டுகிற இடங்களை! ஹோஸ்ட் எண்ணை எழுதி வைக்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும் அந்த ஃபோல்டரைப் பார்த்துவிட்டே ஸ்கேன் செய்ய வேண்டும். 7, 8 இரண்டையும் ஸ்கேன் செய்ததும் டிஸ்க் வந்துவிட்டது.

"அதான் வந்துருச்சே சார், கால் க்ளோஸ் பண்ணிரவா?"

எண்ணிப் பார்த்தேன். எங்களிடம் ஏற்கெனவே 3 லன். ஒவ்வொன்றுக்கும் 4 பாத் (சர்வரிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் வழி), ஆக 12. புதுசு சேர்ந்தால் 16 வரவேண்டும். 14தான் இருந்தது. ஒரு டிஸ்க்கின் எல்லாப் பாத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் மல்டிபாத்தின் பட்டியலில் புது லன்னுக்கு இரண்டே பாத், இரண்டும் ஹோஸ்ட் 7 வழியாக. இதை அப்படியே வால்யூம் குரூப்பில் (பல டிஸ்க்கை ஒரே இடமாக்கும் தொகுப்பு) சேர்த்திருந்தால் அன்றைக்கு எல்லாம் ஓடியிருக்கும். என்றைக்காவது ஹோஸ்ட் 7 கார்டு போகிற நாளில் பழைய மூன்று டிஸ்க் தப்பித்தாலும் புதுசு போய்விடும், அதோடு டேட்டாபேஸும் படுத்துவிடும். இரண்டு கார்டு வாங்கிப் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

அதைச் சொன்னதும்தான் கேபிள் கதை வந்தது. போர்ட் ஆன்லைன் என்று சிஸ்டமே காட்டுகிறது என்றேன். அவர் கேட்கவில்லை, நானும் கிளம்பிவிட்டேன். ரேக்குக்குப் பின்னால் நிற்கும்போதுதான் உறைத்தது: பழைய மூன்று லன்னுக்கும் இதே ஹோஸ்ட் 8 கார்டு வழியாகப் பாத் ஓடுகிறதே! கேபிளோ ஸ்விட்ச் ஸோனிங்கோ (எந்தக் கார்டு எந்த ஸ்டோரேஜோடு பேசலாம் என்கிற அமைப்பு) கெட்டிருந்தால் அவையும் அல்லவா விழுந்திருக்கும்? மிச்சம் இருப்பது ஸ்டோரேஜ் பெட்டியில் செய்த மேப்பிங் மட்டும்தான். இதை வீட்டில் இருந்தே அடித்துச் சொல்லியிருக்கலாம்.

அங்கிருந்தே மறுபடி ஃபோன். ஹோஸ்ட் 8இன் டபிள்யூடபிள்யூபிஎன் (எண்ணும் எழுத்தும் கலந்த, கார்டின் அடையாளம்) 16 இலக்கத்தையும் இரண்டிரண்டாக வாசித்தேன். பி, டி, ஈ எல்லாம் ஃபோனில் ஒரே மாதிரிக் கேட்கும். மூன்றாவது தடவை, ஸ்க்ரீனை ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சார்... கடைசி நாலு இலக்கம் வேறயா இருக்கு."

பழுதாகிப் போன பழைய கார்டின் ஹோஸ்ட் என்ட்ரியை ஸ்டோரேஜ் பெட்டியில் யாரும் அழிக்கவில்லை. புது லன்னை அதன் பெயரில் மாட்டியிருக்கிறார்கள். சரியான என்ட்ரிக்கு மாற்ற அவருக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் ஹோஸ்ட் 8ஐ மட்டும் ரீஸ்கேன் செய்தேன். 15, 16. மல்டிபாத்தில் நாலு வரி, நாலும் ஆக்டிவ் ரெடி. அந்த நாலு வரியை இரண்டு தடவை பார்த்தேன்.

டிஸ்க்கைச் சேர்க்கும் முன் அதன் டபிள்யூடபிள்யூஐடியை (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) ஸ்டோரேஜ் பக்கத்து நம்பரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்க்குக்குக் கொடுக்கும் எஸ்டி-என், எஸ்டி-ஓ என்கிற பெயர்கள் அடுத்த பூட்டில் மாறலாம். இருக்கிற லன்னைப் பெரிதாக்கினால் மூன்று கோடு உதவாது. ஒவ்வொரு பாத்துக்கும் தனியாக ரீஸ்கேன் கொடுத்து, பிறகு மல்டிபாத் மேப்பை ரீசைஸ் செய்ய வேண்டும். ஒரு பாத்தை விட்டாலும் சிக்கல்தான்.

வால்யூமை நீட்டி ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்கி முடிக்க பத்து நிமிஷம். டேட்டாபேஸ் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. சப்போர்ட்காரர் மறுபடியும் கால் க்ளோஸ் பண்ணலாமா என்று கேட்டார். அந்தப் பழைய கார்டின் என்ட்ரியை அழித்து, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிய பிறகு சரி என்றேன்.