ஒரு விக்கலும் 140 வைத்தியர்களும்

ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்தது. விக்கல்தானே, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று குடித்தேன். போகவில்லை. பத்தே முக்கால் ஆகியும் பத்துப் பன்னிரண்டு நொடிக்கு ஒரு தடவை, தப்பாமல், ஹிக். மனைவி முதலில் சிரித்தாள். அப்புறம் பரிதாபப்பட்டாள். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முப்பது பேர் முன்னால் நான் பேச வேண்டும். "இந்த ஆண்டு நமது, ஹிக், வளர்ச்சி" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். போனை எடுத்து, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிற இடத்தில் ஒரு வரி போட்டேன். "ஒன்றேகால் மணி நேரமாக விக்கல். நிற்கவே மாட்டேன் என்கிறது. யாருக்காவது வழி தெரியுமா?"

தெரியாதவர் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது.

முதல் பதில் ஒரு நிமிடத்துக்குள் வந்தது. "மூச்சை அடக்குங்க சகோ." அடக்கினேன். நாற்பது நொடி தாக்குப்பிடித்தேன். அடக்கி வைத்திருக்கும்போது வருகிற விக்கல் இருக்கிறதே, அது முதலும் வட்டியுமாகச் சேர்ந்து வரும். கட்டில் ஆடியது.

அடுத்தவர் சொன்ன வழிக்குக் கொஞ்சம் வித்தை தெரிந்திருக்க வேண்டும். நன்றாகக் குனிந்துகொண்டு, டம்ளரின் எதிர் ஓரத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். "நூற்றுக்கு நூறு கேரண்டி" என்று போட்டிருந்தார். குளியலறையில் நின்று, ஒரு கையில் போனும் ஒரு கையில் டம்ளருமாகக் குனிந்தேன். முதல் மடக்கு ஒழுங்காக உள்ளே போனது. இரண்டாவது மடக்கு பாதி வழியில் இருக்கும்போது விக்கல் வந்தது. அந்தத் தண்ணீர் அதன்பின் எந்தெந்தப் பாதையில் பயணம் செய்தது என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. மூக்கு வழியாக வந்த பங்கு கணிசமானது. பனியன் நனைந்தது, போன் நனைந்தது, கண்ணில் தாரை தாரையாக நீர். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்து, ஹிக்.

அதற்குள் கீழே கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இருவர் வெந்நீரா குளிர்ந்த நீரா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். இன்னொருவர் தனது முதுகுவலியைப் பற்றி எழுதினார். மூன்று பத்தி. விக்கலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பாவம், அவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"யாராவது பயமுறுத்தினால் நின்றுவிடும்" என்று ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். பயமுறுத்த வேண்டியவள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று பதில் போட்டேன். உடனே ஒரு முகமில்லாத கணக்கிலிருந்து ஒரு வரி: "உங்கள் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்." சத்தியமாக ஒரு விக்கல் தவறியது. அடுத்த நொடி அவர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். விக்கல் திரும்பி வந்துவிட்டது. நான் பாஸ்வேர்டை மாற்றினேன்.

ஒரு கரண்டி சர்க்கரையை அப்படியே விழுங்கச் சொன்னவர் ஆதாரத்தோடு வந்தார். 1971-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்திருக்கிறதாம்; 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 19 பேருக்கு நின்றுவிட்டதாம். தேடிப் பார்த்தேன், உண்மைதான். விழுங்கினேன். அந்த மிச்சம் ஒருவர் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தனி ரகம். "கவலைப்படாதீர்கள் நண்பரே, அமெரிக்காவில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922-ல் ஆரம்பித்த விக்கல் 1990-ல்தான் நின்றது." 68 வருடம். நடுவில் இரண்டு கல்யாணம் செய்து, எட்டுப் பிள்ளைகளும் பெற்றாராம் மனிதர். நான் என் வயதோடு 68-ஐக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு நிமிடம்கூட வைத்திருக்க முடியவில்லை. மறுபடி எடுத்தால் ஒருவர், "என் தாத்தாவுக்கும் இப்படித்தான் விடாமல் விக்கியது" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான், முற்றுப்புள்ளி. "அப்புறம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. "ஐயா, அப்புறம் தாத்தா என்ன ஆனார்?" ஆள் தூங்கப் போய்விட்டார்.

நள்ளிரவு தாண்டி ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வைத்தியம் சொன்னார். எதற்கும் அசையாத விக்கலை, நோயாளியின் ஆசனவாயில் விரலை விட்டு மசாஜ் செய்து நிறுத்திய டாக்டர்கள் உண்டாம். அதற்காக அவர்களுக்கு 2006-ல் இக் நோபல் பரிசுகூடக் கிடைத்ததாம். சிரிக்க வைத்து அப்புறம் சிந்திக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. நான் சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன். செய்து பார்க்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இத்தனைக்கும் நடுவில் ஓர் அம்மா ஒரே வரியில் எழுதியிருந்தார்: "48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், இப்போது விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்." மொத்தக் கூட்டத்திலும் உருப்படியான பதில் அதுதான். அதற்கு ஒரு லைக். பாஸ்வேர்டுக்காரருக்கு 64.

படுத்திருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒருவர், "விக்கல் என்பது இரைப்பை தண்ணீர் கேட்டுத் தட்டுகிற சத்தம்" என்று எழுதினார். சும்மா இருக்க முடியுமா? மூன்று மணி நேரமாக விக்கலைப் பற்றி மட்டுமே படித்துக்கொண்டிருப்பவனிடம் இப்படியா சொல்வது? எழுந்து உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். நுரையீரலுக்கு அடியில் உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. அது திடீரென்று வெட்டி இழுக்கும்போது காற்று குபுக்கென்று உள்ளே பாய்கிறது. பாய்ந்த மாத்திரத்தில் குரல்வளையின் வாசல் பட்டென்று மூடிக்கொள்கிறது. அந்தக் கதவு சாத்துகிற சத்தம்தான் ஐயா உங்கள் ஹிக், இரைப்பை யார் கதவையும் தட்டவில்லை. கால் மணி நேரம் எழுதியிருப்பேன். எழுத்துப்பிழையெல்லாம் திருத்தினேன். அனுப்பினேன்.

சரியான பதில் வேண்டுமானால் கேள்வி கேட்காதே, தவறான பதிலைப் போடு என்று இணையத்தில் ஒரு விதி உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய 'விக்கி' என்கிற இணையதள வகையை முதன்முதலில் உருவாக்கிய வார்ட் கன்னிங்காம் பெயரில் உலவுகிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவரே மறுத்துவிட்டார். இரைப்பைக்காரர் அந்த விதிப்படிதான் எனக்குத் தூண்டில் போட்டாரா என்று தெரியாது.

அனுப்பிவிட்டு அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தபோதுதான் கவனித்தேன். அறை அமைதியாக இருந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் டிக் டிக். எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

"நின்றுவிட்டது, எல்லாருக்கும் நன்றி" என்று போட்டேன். போட்டிருக்கக் கூடாது. "சொன்னேன்ல!" என்று இருபது பேர். மூச்சுக்காரர், டம்ளர்காரர், வெந்நீர், குளிர்ந்த நீர், இரண்டு கட்சியும். முதுகுவலிக்காரர்கூட ஒரு கட்டை விரலை உயர்த்தினார். காலையில் எழுந்து எண்ணினால் மொத்தம் 140 பதில்கள். கடைசியாக வந்திருந்தது தாத்தாவின் பேரன்: "அப்புறம் தானாக நின்றுவிட்டது. இப்போது 91 வயது, நன்றாக இருக்கிறார்." முப்பது பேர் முன்னால் பேச்சும் ஒழுங்காகவே முடிந்தது.

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர், இரண்டு மணி நேரமாக விக்கல் என்று போட்டிருந்தார். நான் கடந்து போயிருக்கலாம். "யாரோடாவது நன்றாக வாக்குவாதம் செய்யுங்கள் சகோ, நூற்றுக்கு நூறு கேரண்டி" என்று எழுதினேன். அவருக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ, அடிப்படை அறிவு இல்லாமல் அறிவுரை சொல்லாதீர்கள் என்று ஆரம்பித்து அரைப்பக்கம் திட்டினார். நான் முக்கால் பக்கம் பதில் எழுதினேன். அவர் ஒரு பக்கம்.

இருபது நிமிடம் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "விக்கல் நின்றுவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னதால் இல்லை."